ஏழாம் தாளை எழுதிய ஆசாமி

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

நீரளவு நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவரும், தங்கள் அக்காவைக் கைப்பிடித்தவரும், தங்களோடு சேர்ந்து முதல் பதிப்பை உருவாக்கியவருமான அத்தான் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நலமில்லாமல் எப்படி இருப்பீர்கள், ஊரே தங்கள் வீட்டு மேசையில்தானே உட்கார்ந்திருக்கிறது. நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பத்து நாளாக எனக்கு வயிற்றெரிச்சல். மருந்துக் கடைக்காரர் கொடுக்கிற மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை இது. நாலு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நீ "அத்தான்" என்று இழுப்பாய், நான் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் எழுத்து மூலமாக. தாங்கள் என்று மரியாதையாகத் தொடங்கினேன், ஐந்தாறு வரிக்கு மேல் முடியவில்லை, மன்னித்துக்கொள்.

உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் நாளைக்கு யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் நியாயம் யார் பக்கம் என்று அவர்களுக்கு விளங்க வேண்டும், ஆகவே முதலிலிருந்து வருகிறேன். பதினோரு ஆண்டுக்கு முன் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாம் இருவரும் உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்தோம். பலகை கிடையாது, காய் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். வாள்வீரர், திருடர், வைத்தியர் என்று ஆளுக்கொரு பாத்திரம். மேசைத் தலைவர் என்று ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார், "முன்னால் காடு, உள்ளே ஏதோ உறுமுகிறது, நீ என்ன செய்கிறாய்" என்று கேட்பார், அவரவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வார்கள், அது பலித்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்போம். அச்சகம் உன்னுடையது என்பதால் பெட்டியும் புத்தகமும் நீ அடித்தாய். ஆற்றைக் கடக்கும் அத்தியாயம் என்னுடையது. நாற்பத்தோரு பக்கம். நீரோட்டத்தின் வேகம், ஆழம், அடியில் மண்ணா பாறையா, ஆளின் எடை, மூட்டையின் எடை, நனைந்தபின் அதே மூட்டையின் எடை, எல்லாவற்றுக்கும் அட்டவணை. தினமும் காலை எட்டு மணிக்கு ஆற்றுக்குள் நிற்கிற அளவுக் கம்பத்தில் நீர்மட்டம் பார்த்துக் குறித்தவன் எழுதியது அது. ஓர் ஆற்றுக்கு அதற்குமேல் மரியாதை செய்ய முடியாது.

இரண்டாம் பதிப்பு கொண்டுவரலாம் என்றது நீ. விளையாடுகிறவர்களைக் கேட்டுத் திருத்தலாம் என்றதும் நீ. நான் தலையாட்டினேன். கேட்டால் என் அத்தியாயத்தை இன்னும் பத்துப் பக்கம் நீட்டச் சொல்வார்கள் என்று நம்பினேன், அதை மறைக்கப் போவதில்லை. உன் வீட்டில் ஒரு மேசை, என் வீட்டில் ஒரு மேசை, உன் அச்சகத்துப் பைண்டர் வீட்டில் ஒரு மேசை என்று ஏற்பாடு. சனிக்கிழமை தோறும் புது வரைவை விளையாடிப் பார்க்க வேண்டும், பிறகு ஆளுக்கொரு கருத்துத் தாள் எழுதி உறையில் போட்டு உனக்கு அனுப்ப வேண்டும், பெயர் போடக் கூடாது. கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து மனஸ்தாபம் வந்துவிடக் கூடாது என்று நீயே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, எண் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் உன் அபிப்பிராயத்தையும் எழுதி, திருத்திய வரைவையும் சேர்த்து மேசைத் தலைவர்களுக்கு ஆளுக்கொரு கட்டு அனுப்பினாய். நல்ல ஏற்பாடுதான். அந்தக் கட்டைப் பிரித்த புதன்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் எழுதியது நாலாம் தாள். தாள் என்று சொல்வதே அதற்கு அவமானம். இணைப்புகளோடு பத்தொன்பது பக்கம், இரண்டு வரைபடம். அதன் தலையில் நீ எழுதியிருப்பது, "நன்றி, பார்க்கலாம்." அதோடு சரி. கொஞ்சம் தள்ளி ஏழாம் தாள். ஒரே ஒரு பக்கம். ஓரம் முழுக்கச் சிவப்பு மை. "அருமை." "இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது." "ஆமாம், ஆமாம்." ஓரிடத்தில் உனக்கு வார்த்தையே கிடைக்காமல் மூன்று ஆச்சரியக்குறியை மட்டும் வரிசையாக நட்டுவைத்திருக்கிறாய். மச்சான், பதினோரு வருஷத்தில் எனக்கு ஓர் ஆச்சரியக்குறி போட்டிருப்பாயா? எனக்குப் பேரன் பிறந்த செய்தி அனுப்பியபோதுகூட "வாழ்த்துகள் அத்தான்" என்று எழுதி முற்றுப்புள்ளிதான் வைத்தாய். அந்த முற்றுப்புள்ளியை நான் மறக்கவில்லை.

பாராட்டினால் பாராட்டிவிட்டுப் போ. ஏழாம் தாள்காரன் வாயைத் திறந்ததெல்லாம் புது வரைவில் ஏறிவிட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "மேசைத் தலைவர் என்ற பெயர் அலுவலகம் மாதிரி இருக்கிறது" என்றான், உடனே கதைசொல்லி என்று மாற்றிவிட்டாய், ஒரே நாளில் என் பதவி போயிற்று. "பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவையாவது நீ என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டும்" என்றான், அதை முதல் விதியாகவே வைத்துவிட்டாய். பேசாமல் இருக்கிறவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கடைசியில் கை வைத்தான் என் ஆற்றில். "ஆற்றில் எட்டு சனிக்கிழமை நின்றோம். அக்கரையில் என்ன இருக்கிறது என்பதற்காகத்தான் ஆற்றைக் கடக்கிறோம். அதைச் சொல்லுங்கள்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறான். நீ என் நாற்பத்தோரு பக்கத்தை மூன்று பக்கமாக வெட்டிவிட்டாய். இத்தனை சுருக்கமாகக் குறை எழுத ஒருவனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும், அது எனக்கும் தெரிகிறது, அதனால்தான் இன்னும் எரிகிறது. பொறாமை என்பாய். ஆமாம், பொறாமைதான். வேறு கௌரவமான பெயர் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எட்டு சனிக்கிழமை என்று எழுதியதில் மாட்டிக்கொண்டான். எட்டு சனிக்கிழமை ஆற்றில் நின்றது என் மேசை மட்டும்தான். என் மேசையில் மூன்றே பேர். முதலாவது பல் டாக்டர். வாரம் முழுக்க யாருக்கும் வலிக்காமல் பார்த்துக்கொள்கிற மனிதர், சனிக்கிழமை மூன்று மணிக்கு வாளை உருவினால் ஐந்து மணிக்குத்தான் உறையில் போடுவார். ஆற்றங்கரையில் படகுக்காரன் ஒருவன் வந்து "ஐயா, எங்க போகணும்" என்று கேட்டான், வெட்டிவிட்டார். அடுத்த வாரம் இன்னொரு படகுக்காரனை அனுப்பினேன், அவனுக்கும் அதே கதி. மூன்றாவது ஆளைக் கவசம் போட்டு அனுப்பினேன், கவசம் போட்ட படகுக்காரன் சந்தேகத்துக்குரியவன் என்று சொல்லி வெட்டினார். படகு ஓட்ட ஆளில்லாமல்தான் நடந்து கடக்க வேண்டியதாயிற்று, எட்டு வாரம் ஆயிற்று, அதற்கு என் அத்தியாயம் என்ன செய்யும்? இரண்டாவது வக்கீல் குமாஸ்தா. "பதினாலாம் பக்கத்துல மூட்டைன்னு இருக்கு, இருபத்திரண்டாம் பக்கத்துல சுமைன்னு இருக்கு, ரெண்டும் ஒண்ணா" என்று கேட்டு ஒரு சனிக்கிழமையை முழுசாக விழுங்கினார். எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர். மூன்றாவது உன் அக்கா. அவளைக் கணக்கில் சேர்க்க முடியாது. மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் நாள் முழுக்கப் போனில் காதைக் கொடுத்துவிட்டு வருகிறவள், யார் அரை மணி நேரம் புலம்பினாலும் அதை மூன்று வரியில் எழுதி முடிப்பவள், சனிக்கிழமை கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று வைத்தியர் பாத்திரம் கொடுத்தேன். டாக்டர் வெட்டினால் யாரும் பிழைப்பதில்லை என்பதால் வைத்தியருக்கு வேலை வரவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று மூட்டை சுமக்கிற கோவேறு கழுதையை அவளிடம் ஒப்படைத்தேன். எட்டு வாரமாகக் கழுதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு குறை சொன்னதில்லை.

என் மேசையிலிருந்து வந்த தாள்களில் குறை இருந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏழாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு என் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. மேசைமேல் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டைப் புரட்டிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் என்னால் ஓர் எழுத்துப் படிக்க முடியாது, அட்டவணை எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த வருஷம் திடீர் வெள்ளத்தில் நான் அளவுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்தக் கதை, யாருக்கும் சொன்னதில்லை, அதை எடுத்து ஆற்றில் விட்டுவிட்டேன். அன்றைக்கு நடந்த அவமானத்தைக் கேள். டாக்டர் வாளை எடுக்கவே இல்லை. குமாஸ்தா ஓர் ஆட்சேபணைகூடச் சொல்லவில்லை, மனிதருக்கு அவ்வளவு வெறுத்துப் போயிருக்கிறது. உன் அக்கா டீயை அடுப்பில் வைத்துவிட்டு இறக்க மறந்து பாத்திரம் கரிந்து போயிற்று. ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டியவர்கள் ஆறேகால் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், எழுந்துபோகக்கூடத் தெம்பில்லை போலிருக்கிறது. விதி எதையும் பார்க்காமல் அன்று எல்லாரும் ஆற்றைக் கடந்தும்விட்டார்கள். கண்ணாடி திங்கட்கிழமை சர்க்கரை டப்பாவுக்குள் கிடைத்தது, எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. எட்டாவது சனிக்கிழமை நான் முதல் காரியமாக, போன வாரம் கடந்தது செல்லாது என்று அறிவித்து, எல்லாரையும் கழுதையோடு சேர்த்து மறுபடி நடு ஆற்றில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்தே நான் செய்தது சரி என்று தெரிகிறது அல்லவா. ஆகவே அந்த ஏழாவது சனிக்கிழமையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஆசாமி டாக்டரா குமாஸ்தாவா? வியாழக்கிழமை பல்வலி என்று சொல்லி டாக்டரிடம் போனேன். நேராகக் கேட்டால் மழுப்பிவிடுவார், பேச்சுவாக்கில் கறக்கலாம் என்பது என் திட்டம். அந்த நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபிறகுதான், இனி பேச்சுவாக்கு என்பது அவருக்கு மட்டும்தான் உண்டு என்று விளங்கியது. வாய்க்குள் கண்ணாடி, பஞ்சு, எச்சிலை உறிஞ்சுகிற குழாய். "எந்தப் பல்லு சார்" என்று கேட்டார். நான் ஏழாம் தாள் என்று சொல்ல நினைத்து ஏழு விரலைக் காட்டினேன். அவர் ஏழாவது பல்லைத் தட்டிப் பார்த்து, "ஆமா, லேசா சொத்தை ஆரம்பிக்குது, நல்ல வேளை நீங்களே சொன்னீங்க" என்று மெஷினை ஓடவிட்டார். இருபத்தைந்து வருஷமாக என்னை ஒன்றும் செய்யாத பல், மச்சான். அடைத்து முடித்து வாயைக் கொப்பளித்தபிறகு பாதி மரத்த உதட்டோடு கேட்டேன். "நானா? நான் ஒரு வரிதான் சார் எழுதினேன். இன்னும் ரெண்டு பூதம் போடுங்கன்னு." அது இரண்டாம் தாள். எனக்கு வீட்டுக்கு வந்தும் உதடு திரும்பவில்லை, டீ சட்டையில் வழிந்தது.

வெள்ளிக்கிழமை குமாஸ்தாவைப் பார்க்க வக்கீல் அலுவலகம் போனேன். கட்டுக் கட்டாக நாடா கட்டிய காகிதங்களுக்கு நடுவில் இருந்தார். நான் விஷயத்தைத் தொடங்குவதற்கு முன்பே இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். "நான் எழுதினது அஞ்சாம் தாள். எதுக்கும் இருக்கட்டும்னு நகல் எடுத்து வச்சேன். வேணும்னா உண்மை நகல்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்." வாங்கிப் பார்த்தேன். மூட்டையும் சுமையும் ஒன்றா என்பதைப் பற்றித்தான் முழுத் தாளும். எவ்வளவு அழகான தாள், அதற்கும் நீ ஓர் ஆச்சரியக்குறி போடவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. அவசர நோயாளி வந்துவிட்டார், வர முடியாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார், அதனால் என் வீட்டில் விளையாட்டு இல்லை. உன்னிடம் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தோளில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். ஏணியைத் திருப்பிக் கொடுக்க ஐந்து மாதம் கழித்து அன்றைக்குத்தான் தோன்றியதா என்று நீ கேட்கலாம், கேள். தெருமுனையிலேயே உன் வீட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுச் சத்தம் வாசல் தாண்டியதில்லை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே மேசையில் புத்தகம்கூட விரிக்கவில்லை, நீ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாய், எல்லாரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் யார்? என் டாக்டர். கையில் டீ. மூன்று படகுக்காரர்களை வெட்டிய அந்த மனிதர் உன் மேசையில் என்ன செய்தார் என்று என் காதால் கேட்டேன். "படகுக்காரரே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பையன் படிக்கிறானா?" என்று விசாரிக்கிறார். என் படகுக்காரர்களுக்குக் குடும்பம் இல்லையா? அவர்கள் பையன்கள் படிக்கவில்லையா? எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது, தோளில் ஏணி இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

நீ நிமிர்ந்து பார்த்து, "அத்தான், ஏணிய ஓரமா வச்சிட்டு உக்காருங்க, உங்களுக்கும் ஒரு பாத்திரம் தரேன்" என்றாய். "எனக்கு வேல இருக்கு" என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவு நல்ல மனிதர்கள், அதுவும் என்னைக் குத்தியது. கோபத்தில் ஏணியை உன்னிடம் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். நாலு தெருவும் ஏணியோடு நடந்தேன். வழியில் சலவைக் கடைக்காரர் "ஏணி எங்க சார் போகுது" என்று போகும்போது கேட்டவர், வரும்போதும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். டாக்டர் இல்லை, குமாஸ்தா இல்லை, அப்புறம் யார்தான் அந்த ஏழாம் தாள் என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாரா இருந்தா என்ன, எழுதினது சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். சரியாக இருப்பதுதான் பிரச்சினை என்றேன். "முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். முழுசாகவா, மனப்பாடமே ஆகிவிட்டது என்று சொல்லி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பித்தும் காட்டினேன். மடித்த துணியை அலமாரியில் அடுக்கப் போய்விட்டாள். அவளுக்கு இந்த விளையாட்டில் அக்கறை இல்லை என்பது எனக்கு அன்றைக்கு உறுதியாயிற்று.

ஒரு வாரம் யோசித்து இன்று காலை முடிவுக்கு வந்தேன். டாக்டர் இல்லை, குமாஸ்தா இல்லை, உன் அக்கா இல்லை. அப்படியானால் ஏழாம் தாளை எழுதியது நீ. என் மேசை ஆள் எழுதியது மாதிரி எட்டு சனிக்கிழமை என்று ஒரு வார்த்தையைச் சொருகி, நீயே கேள்வி கேட்டு, நீயே சிவப்பு மையில் உன்னைப் பாராட்டிக்கொண்டு, என் ஆற்றை வற்ற வைத்திருக்கிறாய். தலைப்புப் பக்கத்தின் மாதிரி அச்சை நேற்று அனுப்பியிருந்தாயே, அதில் நம் இருவர் பெயருக்கும் கீழே "ஏழாம் தாளுக்கு எங்கள் நன்றி" என்று ஒரு வரி பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. தனக்குத் தானே நன்றி சொல்லி அச்சடிக்கிற ஒரே ஆள் அச்சகம் வைத்திருப்பவனாகத்தான் இருக்க முடியும்.

ஆகவே என் தீர்மானம் இது, இதில் மாற்றம் கிடையாது. அந்த நன்றி வரியை எடுத்துவிட வேண்டும். நாற்பத்தோரு பக்கமும் ஒரு கால்புள்ளி குறையாமல் உள்ளே வர வேண்டும். கதைசொல்லி என்பதைப் பழையபடி மேசைத் தலைவர் ஆக்க வேண்டும். முடியாது என்றால் என் பெயரை எடுத்துவிடு. பதினோரு வருஷம் உன் பெயரோடு ஒட்டி நின்ற பெயர், எடுத்தால் அந்த இடம் உனக்கும் காலியாகத்தான் தெரியும், ஆனாலும் எடுத்துவிடு. இன்று மூன்று மணிக்கு என் மேசையில் யார் வருகிறார்கள் யார் வரவில்லை என்பதைப் பற்றியும் இனி எனக்குக் கவலை இல்லை. ஒருவரும் வராவிட்டாலும் நான் நடு ஆற்றில் தனியாக நிற்பேன், அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டதா என்று தெரிவிக்கவும். உன் அச்சகமும் உன் மேசையும் உன் சிரிப்புச் சத்தமும் நாளுக்கு நாள் ஓங்கட்டும், அடுத்த தெருவுக்குக் கேட்காத அளவுக்கு ஓங்கட்டும். உன் அக்கா எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்று எழுதுவது வழக்கம். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் சில நாளைக்கு மட்டும் உன் கூட்டு ஆசிரியனாக இருக்கப்போகிற,
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்கு உன் அக்காவிடம் பசை கேட்டேன். பசையைக் கொடுப்பதற்குள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். பக்கம் பக்கமாக, அவசரமே இல்லாமல், புகார் கேட்கிற முகத்தோடு. முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏழாம் தாளப் பின்பக்கம் திருப்பிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை, மச்சான். தாளின் அடியில் பொடி எழுத்தில் "மறுபக்கம் பார்க்க" என்று நீ அடித்துத்தான் இருக்கிறாய். என் அத்தியாயத்தின் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஆற்றில் இறங்குகிறார்கள் என்று பதினோரு வருஷமாக எல்லாரையும் திட்டுகிறவன் நான். திருப்பினேன். அதில் இருந்ததை உனக்கு எழுத வேண்டியதில்லை, நீதான் தட்டச்சு செய்தவன், ஆனாலும் என் கையால் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். "மேசைத் தலைவரை மாற்ற வேண்டாம். ஒரு நாள் அவர் கண்ணாடி காணாமல் போனது. அன்று புத்தகம் இல்லாமல் ஆற்றைச் சொன்னார். வெள்ளத்தில் ஒருவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கரையில் யாரோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கால் சில்லிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாயால் ஆற்றைப் பற்றி நான் கேட்டது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் அது செல்லாது என்றுவிட்டார். விளக்கைப் பிடித்திருந்தது யார் என்று தெரியாமலே இருக்கிறது. பரிந்துரை: அவரை அப்படியே வைத்துக்கொள்ளவும், கண்ணாடியை மட்டும் எடுத்துவிடவும்." பக்கத்தில் உன் சிவப்பு மை. "அத்தான்!" என்று ஒரே வார்த்தை. ஓர் ஆச்சரியக்குறி. அதை நான் எண்ணிக்கொண்டேன்.

"யார் எழுதினது இது?" என்று கேட்டேன். "கழுதையப் பிடிச்சிட்டு நின்னவ" என்றாள்.

உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கும், உன் அக்கா கையெழுத்து உனக்குத் தெரியாதா. ஆகவே மேலே எழுதியிருக்கிற எதையும் படிக்க வேண்டாம், படித்துவிட்டிருந்தால் மறந்துவிடு. நன்றி வரி அப்படியே இருக்கட்டும், ஆனால் ஏழாம் தாளுக்கு என்று வேண்டாம், அவள் பெயரைப் போடு, என் பெயருக்கு மேலே போடு. ஆறு மூன்று பக்கமே போதும். நாலு. நனைந்த மூட்டை அட்டவணை மட்டும் இருக்கட்டும், குமாஸ்தாவுக்காகக் கேட்கிறேன். ஏணி இங்கேயே இருக்கிறது, நீ வந்து எடுத்துக்கொள், அதை நான் மூன்றாவது தடவை அந்தத் தெருவில் தூக்கிப்போக முடியாது.

மணி மூன்றாகப் போகிறது. வாசலில் டாக்டரின் செருப்புச் சத்தம், கூட இன்னொரு செருப்பும், குமாஸ்தாவாக இருக்கும். சற்று முன் உன் அக்காவிடம் முதல் விதிப்படி கேட்டேன், "நடு ஆறு. நீ என்ன செய்யறே?" "கழுதைய விட்டுட்டு அக்கரைக்குப் போறேன். யாரு கையில விளக்குன்னு பாக்கணும்" என்றாள். இந்தக் கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கண்ணாடியை இப்போதுதான் மேசைமேல் கழற்றி வைத்தேன், காணவில்லை. உன் அக்கா சமையலறையில் சர்க்கரை டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது. நான் தேடவில்லை.